துக்கார் டீச்சர்

காஜா பேராங் வட்டாரத்தில் அந்த நாளில் ருக்மணி வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். துக்கார் டீச்சர் வீடு என்று கேட்டால் நேராகக் கொண்டுபோய் வாசலில் விட்டுவிடுவார்கள். கம்போங் செட்டி குடியிருப்புக்குப் பின்புறம், பொதுக் கிணற்றை ஒட்டிய தகரக் கூரை வீடு. அம்மா பொன்னம்மா, தம்பி ஜெயபாலன், ருக்மணி, மூன்றே பேர். துக்கார் என்றால் மலாய் மொழியில் மாற்றிக்கொள்வது. அளவு சரியில்லாத சட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினால் அது துக்கார். ரசாயனம் சொல்லிக்கொடுக்கிற ஒரு டீச்சருக்கு இப்படியும் ஒரு பேர் வருமா என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் வைத்தால் எந்தப் பேரும் வரும்.

பெண்கள் படிக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடம் அது. சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள், நம் பெண்கள் எல்லாரும் ஒரே வகுப்பில். புத்தகத்தில் இருக்கிறபடி ரசாயன மாற்றங்களின் வகைகளைப் படித்துக் காட்டினால் மத்தியான வெயிலுக்குப் பாதி வகுப்பு தூங்கிவிழும். ருக்மணிக்கு வகுப்பில் யாராவது கொட்டாவி விட்டால் பற்றிக்கொண்டு வரும். அதனால் அவள் குடும்பக் கதையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் வகை சேர்க்கை. இரும்புத் தூளையும் கந்தகத்தையும் கலந்து வைத்துக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோவாள். இரும்பு தனியாகக் கிளம்பி வந்து காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். "இது வெறும் நிச்சயதார்த்தம். இன்னும் பிரிச்சுடலாம்" என்பாள். பிறகு அதைச் சூடாக்கினால் உள்ளே கனன்று எரிந்து கறுப்புக் கட்டியாகிவிடும். இப்போது காந்தத்தை வைத்தால் அசையாது. "இனி யார் கூப்பிட்டாலும் வராது. புதுக் குடும்பம்." இரண்டாவது சிதைவு. பச்சைப் பொடி ஒன்றைச் சூடு காட்டினால் அது கறுப்புப் பொடியாகவும் காற்றாகவும் பிரிந்துபோகும். சூடு தாங்காமல் பிரிந்த கூட்டுக் குடும்பம். மூன்றாவது இடப்பெயர்ச்சி. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால், இரும்பு உள்ளே புகுந்து செம்பை வெளியே தள்ளிவிடும். நீலம் வெளுத்துப்போகும், ஆணியின் மேல் செம்பு சிவப்பாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வலுத்தவன் வந்து குடியிருந்தவனைக் கிளப்புகிற கதை.

நாலாவதுதான் இரட்டை இடப்பெயர்ச்சி. இரண்டு ஜோடிகள் ஒன்றுக்கொன்று துணையை மாற்றிக்கொள்வது. "ரெண்டு வீட்டுக்காரங்க பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற மாதிரி" என்று அவள் சொன்னதும் நம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மற்றவர்களுக்குப் புரியவில்லை. புரியவைக்க வேண்டுமே என்று, "துக்கார்-துக்கார்" என்றாள். அவ்வளவுதான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. மறுநாள் அவள் சைக்கிளில் உள்ளே வரும்போதே மாடியிலிருந்து யாரோ ஒருத்தி, "துக்கார் டீச்சர் வந்துட்டாங்க!" என்று கத்தினாள். அன்றோடு சொந்தப் பேர் போயிற்று.

ஆனால் அந்த நாலாவது பாடத்தில் அவள் ஒன்றை அழுத்திச் சொல்லுவாள். மாற்றிக்கொண்டால் மட்டும் போதாது. உப்புத் தண்ணீரில் வெடியுப்புத் தண்ணீரை ஊற்றினால் ஒன்றுமே நடக்காது. யார் யாரோடு இருக்கிறார்கள் என்றே தெரியாமல் எல்லாரும் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பார்கள். அதே உப்புத் தண்ணீரில் வெள்ளி நைட்ரேட்டை நாலு சொட்டு விட்டால், தயிர் உறைந்தது மாதிரி வெள்ளையாகத் திரண்டு அடியில் போய்ப் படியும். ஏதாவது ஒன்று படிந்தால்தான் காரியம் நடந்தது என்று அர்த்தம். இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உயரும். ஏனென்று அவளுக்கே தெரியாது.

சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. ஊரே புதுச் சட்டை தைத்துக்கொண்டிருந்தது. ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை வைத்திருந்த ராஜரத்தினத்துக்கு நல்ல வியாபாரம். அவர் மகள் விஜயாவின் மேல் ஜெயபாலனுக்கு ஒரு கண். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணும்தான். நகராட்சித் தண்ணீர் ஆபீசில் வேலை பார்க்கிற பையனுக்கு வாரத்துக்கு எத்தனை கைக்குட்டை வேண்டும்? அலமாரி நிறையக் கைக்குட்டை வாங்கி அடுக்கியிருந்தான். விஜயாவுக்கும் சம்மதம் என்று தெரிந்ததும் பொன்னம்மா ஆள் விட்டுப் பெண் கேட்டாள்.

ராஜரத்தினம் நேரிலேயே வந்தார். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை பிடி கொடுக்காமல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"எங்க விஜயாவத் தர்றதுல எனக்கு ஒண்ணும் தடையில்ல. ஆனா உங்க ருக்மணிய என் மகன் மாணிக்கத்துக்குக் கொடுங்க. கொடுத்து எடுத்துக்குவோம்."

"அவ கல்யாணத்தப் பத்தி நாங்க இன்னும்..." என்று பொன்னம்மா இழுத்தாள்.

"ஒளிச்சுப் பேசத் தெரியாதும்மா எனக்கு. பெரியவள கிள்ளான்ல கொடுத்தேன். வாய் வார்த்தைய நம்பிக் கொடுத்தேன். என்ன பாடு படுத்தி அனுப்புனாங்கன்னு ஊருக்கே தெரியும். இப்ப என் வீட்டுலதான் இருக்கா. இன்னொரு மகள அப்படிப் பாக்க என் உடம்புல தெம்பில்ல. உங்க பொண்ணு என் வீட்டுல, என் பொண்ணு உங்க வீட்டுல. யாரும் யார் மேலயும் கைநீட்ட மாட்டாங்க."

அந்த மனிதரை எப்படித் திட்டுவது? பெற்ற வயிற்றெரிச்சல் அது. ஆனால் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார் பாருங்கள், அதற்குத் தாராளமாகத் திட்டலாம். "டீச்சர் வேலைய மட்டும் விட்டுடணும். கடையில கல்லாவப் பாத்துக்க வீட்டு ஆள் வேணும்."

திரைக்குப் பின்னால் நின்று ருக்மணி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம்தான் புது ரசாயனக் கூடம் கட்டி அவள் பொறுப்பில் கொடுத்திருந்தார்கள். பெஞ்சு பெஞ்சாக அவளே நின்று துடைத்து, குடுவை குடுவையாக அவளே அடுக்கிய இடம். அதை விட்டால் தம்பிக்குக் கல்யாணம். விடாவிட்டால் தம்பி வாழ்க்கை போச்சு. நடுவில் இவள்.

ஜெயபாலன் நல்ல பிள்ளை. "அக்கா, எனக்காகப் பாக்காதீங்க. உங்களுக்குப் பிடிக்கலேன்னா விட்டுடுங்க" என்றுதான் சொன்னான். சொல்லிவிட்டுச் சோற்றில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மாணிக்கத்தை, மாணிக்கவாசகத்தை, அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. பள்ளிக்கூடங்களுக்குச் சாமான் அனுப்புகிற அரசாங்க ஸ்டோரில் அவர் கிளார்க். ஒருமுறை வெள்ளி நைட்ரேட் புட்டி வெயிலில் கிடந்து கெட்டுப்போய் வந்தது. அவள் சண்டைக்குப் போனாள். அந்த மனிதர் திருப்பிச் சண்டை போடாமல், "வெளிச்சம் பட்டா ஏன் டீச்சர் கறுத்துப்போகுது?" என்று கேட்டார். அவள் விளக்கினாள். அதற்குப் பிறகு அவளுக்கு வந்த ஒவ்வொரு புட்டியும் கறுப்புத் தாளில் சுற்றி, நூல் கட்டி வந்தது. அந்த நூல் முடிச்சை அவிழ்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசுக்குள் ஒரு இதம். அதற்குப் பேர் வைக்க அவள் துணியவில்லை. அந்த ஆள் தானாக வந்து கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லியிருப்பாள். ஆனால் பண்டமாற்றுப் பொருளாகவா? அந்த மனிதர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

பதில் கிணற்றடியில் வந்தது. அடுத்த வீட்டு நடராஜன் செட்டி சமூகத்துக்காரர். நெற்றி நிறையத் திருநீறு இருக்கும், பேரும் நம் பேர், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். மாணிக்கம் வேலை பார்க்கிற அதே ஸ்டோரில் அவர் பியூன். ஒரு சாயங்காலம் தண்ணீர் இறைத்துக்கொண்டே பொன்னம்மாவிடம் சொன்னார்: "மாமி, மாணிக்கம் சுடா மிந்தா துக்கார்."

மாணிக்கம் துக்கார் கேட்டாயிற்று. பொன்னம்மா வாளியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

"அடியே ருக்கு! பையனே வாயத் திறந்து கேட்டுட்டானாம்டி. துக்கார் வேணும்னு! நடராஜன் சொல்றாரு!"

ருக்மணி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்பு மை ஒரு பெண்ணின் விடையின் மேல் சிந்தியது.

"நல்லாக் கேட்டீங்களாம்மா? துக்கார்னுதான் சொன்னாரா?"

"எனக்கென்ன காதா போச்சு? அது என்ன வார்த்தையோ போ, துக்காரு துக்காருன்னு, கேக்கவே துக்கம் மாதிரி இருக்கு. ஆனா சொன்னது அதான்."

கறுப்புத் தாளும் நூல் முடிச்சும் அவள் கண்முன் வந்து போயின. அப்பன் கேட்டதையாவது பயத்தில் கேட்டார் என்று விட்டுவிடலாம். இவருக்கு என்ன வந்தது? தங்கையைக் கொடுக்க வேண்டுமென்றால் பதிலுக்கு என்னைக் கொடுக்கச் சொல்லிக் கேட்க எப்படி மனசு வந்தது? அவளுக்கு அழுகை வரவில்லை. ஏமாந்துபோன கோபம் வந்தது. ஒரு மனிதரைப் பற்றி நாமாகவே நல்லதாக நினைத்துக்கொண்டு, பிறகு நாமே அதை அழிக்க வேண்டியிருப்பது எவ்வளவு கேவலமாக இருக்கிறது!

கூடத்தில் ஜெயபாலன் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்தாள். யாரோ ஒருவராவது நன்றாக இருக்கட்டும் என்று தோன்றியது.

"சரின்னு சொல்லிடுங்கம்மா."

மறுநாள் தலைமையாசிரியையிடம் போய் வேலையை விடப்போவதாகச் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பள்ளிக்கூடக் கண்காட்சி முடியட்டும். அதுவரைக்கும் இத நான் கேக்கவே இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் சம்மதத்தைப் பொன்னம்மா ராஜரத்தினம் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப நாள் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அஷ்டமி வந்தது, நவமி வந்தது. ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டே போயிற்று. அந்த அஷ்டமிக்கு நாம் ஒரு கும்பிடு போட வேண்டும்.

மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. வராந்தா முழுக்கக் காகிதக் கொடிகள். பெற்றோர்கள் குழந்தை குட்டிகளோடு வந்து குவிந்தார்கள். ரசாயனக் கூடத்தில் நாலு மேசை போட்டு, நாலு வகை மாற்றங்களையும் வரிசையாக வைத்து, ருக்மணி நின்றபடியே காலையிலிருந்து செய்து காட்டிக்கொண்டிருந்தாள். இதே கூடத்தில் இதுதான் கடைசி என்று நினைத்தபோதெல்லாம் மேசையை ஒருமுறை துடைப்பாள். பிறகு அடுத்த ஆளுக்குச் சொல்லுவாள்.

கூட்டத்தின் ஓரத்தில் மாணிக்கவாசகம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. முதல் மேசையின் புதுக் குடும்பக் கதையிலிருந்து ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டே கூட்டத்தோடு நகர்ந்து வந்தார். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். நாலாவதையும் காட்டி முடித்ததும், வெளியே பலகாரம் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, கூட்டம் அந்தப் பக்கம் பாய்ந்தது. அவர் மட்டும் மிச்சம்.

"டீச்சர், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எல்லாம் தெரியும். துக்கார் கேட்டீங்களாமே" என்றாள், குடுவையைக் கழுவிக்கொண்டே.

அவர் முகம் மலர்ந்தது. "அட, தெரிஞ்சுபோச்சா? ஆமா, கேட்டேன். கிடைச்சும் போச்சு!"

மலர்ச்சியைப் பாருங்கள்! ருக்மணிக்கு உச்சந்தலை சுட்டது.

"உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"இதுல வெக்கப்பட என்ன டீச்சர் இருக்கு? கவர்மெண்ட் வேலையில எல்லாரும் கேக்குறதுதானே?"

"ஓஹோ. கவர்மெண்ட் வேலையில இருந்தா, எங்க பொண்ண எடுக்கணும்னா உங்க பொண்ணக் கொடுன்னு கேட்பாங்களோ?"

மாணிக்கவாசகம் திருதிருவென்று விழித்தார். "பொண்ணா? எந்தப் பொண்ணு? நான் ஜொகூருக்குல்ல கேட்டேன்!"

"ஜொகூருக்கா?"

"ஜொகூர் பாரு ஸ்டோருக்குத் துக்கார். மாற்றல்தான் டீச்சர், வேலை மாற்றல்! நடராஜன்கிட்டதானே மனுவக் கொடுத்து அனுப்புனேன்?"

ருக்மணி குடுவையை மேசைமேல் வைத்தாள். கீழே போட்டுவிடுவோம் என்ற பயத்தில் வைத்தாள். வேலை மாற்றலுக்கும் மலாயில் அதே வார்த்தைதான். அவளுக்குத் தெரியாததா? கம்போங் செட்டிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள். கேட்டபோது வீட்டில் எல்லார் தலையிலும் கொடுக்கல் வாங்கல் ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. துக்கார் என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவளும் அதே பள்ளத்தில்தான் விழுந்தாள்.

"எதுக்கு மாற்றல் கேட்டீங்க?" குரல் இறங்கிப்போயிருந்தது.

அவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அப்பா உங்க வீட்டுக்கு வந்து பேசுனது எனக்கு அப்புறம்தான் தெரியும். உங்கள வேலைய விடச் சொன்னாராமே. இந்த எடத்த விட்டுட்டு நீங்க எங்க கல்லாவுல உக்காந்து சில்லறை கொடுக்கணுமா? நான் ஊர்லயே இல்லேன்னா கொடுத்து எடுக்க ஆள் ஏது? அதான் கேட்டேன். நான் எப்பத் திரும்பி வருவேன்னே தெரியாது, அதுவரைக்கும் விஜயாவ வெச்சுக்கிட்டு இருப்பீங்களான்னு அப்பாகிட்ட கேட்டேன். நாலு நாள் பேசல. நேத்துதான் இறங்கி வந்தாரு. காஜா பேராங் நடந்து போற தூரம்தானே, தினமும் வந்து என் மகளப் பாத்துக்குவேன்னாரு. உங்க தம்பிக்கே கொடுக்குறோம். பதிலுக்கு ஒண்ணும் வேணாம்."

தம்பிக்குக் கல்யாணம். கூடமும் அவளுக்கே. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. தலைமையாசிரியை அந்தப் பேச்சைக் கேட்கவே இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார். ஆனந்தக் கூத்தாட வேண்டிய நேரம். ஆனால் ருக்மணிக்கு ஆடத் தோன்றவில்லை.

"ஊரை விட்டு எதுக்குப் போகணும்? என்னை வேணாம்னு உங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, மாப்பிள்ளையே வேணாம்னு ஒதுக்குன பொண்ணுன்னு உங்களத்தான் பேசுவாங்க." விரலால் மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "அதோட எனக்குப் பொய் சொல்ல வராது."

அவளுக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. புரிந்ததும் காது இரண்டும் சுட்டன. அவருக்கும் அதே நிலைமைதான் போலிருக்கிறது, தலையைத் தூக்கவே இல்லை.

"சரி டீச்சர், வர்றேன். புட்டியெல்லாம் கறுப்புத் தாள்ல சுத்தித்தான் அனுப்பணும்னு புதுசா வர்றவர்கிட்ட சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். ருக்மணி மேசையைப் பார்த்தாள். உப்புத் தண்ணீரும் வெடியுப்புத் தண்ணீரும் கலந்த குடுவை தெளிவாக, சுத்தமாக, ஒன்றும் படியாமல் இருந்தது. எல்லாருக்கும் எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றுமே நடக்கவில்லை. இந்த மனிதரை இப்படியே போகவிட்டால் ஆயுசுக்கும் அந்த நூல் முடிச்சை நினைத்துக்கொண்டுதான் கிடக்க வேண்டும். இப்போது வாய் திறக்காவிட்டால் பிறகு எப்போது?

"மாணிக்கம்!"

கிளார்க் சார் என்று இல்லாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் வாசற்படியில் நின்றுவிட்டார்.

"ஜொகூர் பாருவில பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அங்க ரசாயனக் கூடம் இருக்கா?"

"இருக்கு, டீச்சர். நான்தான் இனிமே அதுக்குச் சாமான் அனுப்பணும்."

"அப்ப நானும் துக்கார் கேக்கட்டுமா?"

மாணிக்கவாசகம் திரும்பி வந்தார். சற்று முன்பு பட்ட அனுபவம் அவரைச் சும்மா விடவில்லை. "எந்தத் துக்கார்?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"துக்கார் கவர்மெண்டுகிட்ட கேப்பேன்" என்றாள் ருக்மணி. "உங்ககிட்ட கேக்குறது அந்த மொத மேசை."

அவர் முதல் மேசைக்குப் போனார். கறுப்புக் கட்டி தட்டில் இருந்தது, பக்கத்தில் காந்தம். காந்தத்தை எடுத்துக் கட்டியின் மேல் வைத்துப் பார்த்தார். திருப்பிப் போட்டு இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தார். அரசாங்க ஸ்டோர் கிளார்க் அல்லவா, சோதிக்காமல் எதையும் வாங்கமாட்டார்.

"வரலையே" என்றார்.

"இனிமே வராது" என்றாள்.

பலகாரம் தின்றுவிட்டுக் கூட்டம் மறுபடியும் உள்ளே வந்தது. யாரோ ஒரு சீனத்து அம்மாள் காந்தம் எங்கே என்று கேட்டாள். ருக்மணி மேசையெல்லாம் தேடினாள். மாணிக்கவாசகம் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே போய்விட்டிருந்தார்.